பாடசாலைக் குழுவும் அதிபரும்: பதில் பெறும் உரிமை

(புதிய கல்வியாண்டு தொடங்குமுன், ஸ்காபரோவில் தமிழ்ப் பெற்றோருக்காக நடைபெற்ற தகவல் மாலை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாளர் தகவல் தொழில்நுட்பத் துறையில் பணிபுரியும் பொறியியற் பட்டதாரி. தொடக்கப் பாடசாலை ஒன்றின் பாடசாலைக் குழுவில் ஆறு ஆண்டுகள் தன்னார்வ உறுப்பினராகவும், அவற்றுள் மூன்று ஆண்டுகள் தலைவராகவும் இருந்தவர்.)



நான் கல்வியாளன் அல்லன். கணினியோடு பகலையும், பல நாட்களில் இரவையும் கழிப்பவன். இருப்பினும், ஆறு ஆண்டுகள் ஒரு பாடசாலைக் குழுவில் இருந்து கற்றுக்கொண்டவற்றை, செய்த பிழைகளையும் சேர்த்து, உங்களோடு பகிர்ந்துகொள்ளும்படி ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். அதனைச் செய்கிறேன்.

முதலில் ஒரு காட்சி. காலை எட்டரை மணிக்கு எங்கள் பாடசாலை வாசலில் நின்றால் தமிழ் ஒலிக்கும். பிள்ளையின் மேலங்கியைப் பூட்டிவிடும் அம்மம்மா, வாகனத்தை நிறுத்த இடந்தேடும் தந்தை, இரவுப் பணி முடித்து நேரே வந்து நிற்கும் தாய் என்று, எங்கு திரும்பினாலும் எம்மவர். அதே பாடசாலையின் நூலகத்தில், ஓர் ஒக்டோபர் மாலை ஏழு மணிக்கு, நான் முதன்முறையாகப் பாடசாலைக் குழுவின் கூட்டத்திற்குச் சென்றேன். சிறு பிள்ளைகளுக்கான தாழ்ந்த நாற்காலிகள். அதிபர், ஓர் ஆசிரியை, அலுவலக உத்தியோகத்தர் ஒருவர், பெற்றோர் ஐவர். அந்த ஐவரில் தமிழர் எவருமில்லை. எங்களை யாரும் தடுக்கவில்லை. அழைப்புக் கடிதம் என் மகனின் பையில் மூன்று ஆண்டுகளாக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் அதனை வாசிக்கவில்லை என்பதே உண்மை.

ஏன் வாசிக்கவில்லை என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். ஊரில் பாடசாலை என்பது அதிபரின் ஆட்சிக்குட்பட்ட இடம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கும். ஆனால் அதன் தலைவரும் அதிபரே. எம் பெற்றோர் அங்கு சென்றது மதில் கட்டவும், கூரை வேயவும், பரிசளிப்பு விழாவுக்குப் பணம் சேர்க்கவுந்தான். அதிபரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தோம். அந்த மரியாதை நல்லது. அது எம்மோடு விமானமேறி வந்ததும் நல்லது. ஆனால் அதனோடு மௌனமும் சேர்ந்து வந்துவிட்டது. இங்கே அந்த மௌனத்தை மரியாதையாக எவரும் எடுத்துக்கொள்வதில்லை. அக்கறையின்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

குழுக்கள் எவ்வாறு தோன்றின?

ஒன்ராறியோவில் பாடசாலைக் குழுக்கள் தாமாக முளைத்தவை அல்ல. மாகாண அரசு அமைத்த கல்வி ஆணைக்குழு ஒன்று 1990களின் நடுப்பகுதியில், பெற்றோரும் சமூகமும் பாடசாலையோடு நெருங்கிப் பணியாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1995ஆம் ஆண்டு ஒவ்வொரு பாடசாலையிலும் குழு அமைக்கும்படி மாகாணம் கல்விச் சபைகளைப் பணித்தது. 2000ஆம் ஆண்டு 612/00 என்ற ஒழுங்குவிதி வெளியாயிற்று. இன்று நாம் பேசும் உரிமைகள் பெரும்பாலும் அந்த ஒழுங்குவிதியில் எழுதப்பட்டவையே.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1998ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க், ரொறன்ரோ ஆகிய ஆறு கல்விச் சபைகளும் ஒன்றாக்கப்பட்டு, ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை உருவானது. சொத்துவரியின் கல்விப் பங்கை நிர்ணயிக்கும் அதிகாரம் கல்விச் சபைகளிடமிருந்து மாகாணத்துக்குச் சென்றது. இருபத்திரண்டு அறங்காவலர்கள் ஐந்நூறுக்கு மேற்பட்ட பாடசாலைகளுக்குப் பொறுப்பானார்கள். அதாவது, முடிவு எடுக்கப்படும் இடம் எம் தெருவிலிருந்து தூரப் போனது. தூரம் கூடிய அதே காலத்தில், எம் தெருவிலேயே ஒரு சிறிய மேசையும் போடப்பட்டது. அந்த மேசைதான் பாடசாலைக் குழு.

அந்த மேசையில் யார் இருக்கிறார்கள்?

பெற்றோர் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. அவர்களோடு ஓர் ஆசிரியர், ஆசிரியரல்லாத ஓர் ஊழியர், சமூகப் பிரதிநிதி. உயர்நிலைப் பாடசாலையாயின் ஒரு மாணவரும். தலைவர் பெற்றோருள் ஒருவராகவே இருத்தல் வேண்டும். அவர் அந்தக் கல்விச் சபையின் ஊழியராக இருத்தல் கூடாது. அதிபரும் உறுப்பினரே. ஆனால் அவருக்கு வாக்கு இல்லை.

இதைக் கேட்டதும் எம்மவர் சிலர் முகம் மலர்வதைக் காண்கிறேன். சற்றுப் பொறுங்கள். அதிபருக்குக் குழுவில் வாக்கில்லை. குழுவுக்குப் பாடசாலையில் ஆணையிடும் அதிகாரமில்லை. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பாடசாலைக் குழுக்கள் அதிபரைத் தெரிவுசெய்யவும், பாடசாலையின் வரவுசெலவுத் திட்டத்தை அங்கீகரிக்கவும் அதிகாரம் பெற்றன. ஒன்ராறியோவின் குழுக்கள் அவ்வாறானவை அல்ல. இவை ஆலோசனை கூறும் குழுக்கள்.

"ஆலோசனை மட்டுந்தானா? பிறகு எதற்காகப் போக வேண்டும்?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நானும் முதலாண்டில் அப்படியே எண்ணினேன். ஒழுங்குவிதியை உட்கார்ந்து வாசித்த பின்னரே என் எண்ணம் மாறிற்று. குழு எந்த விடயத்தைப் பற்றியும் அதிபருக்கோ கல்விச் சபைக்கோ பரிந்துரை செய்யலாம். அவ்வாறு செய்த ஒவ்வொரு பரிந்துரையையும் அவர்கள் கவனத்தில் எடுக்க வேண்டும். அதன்பேரில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று குழுவுக்குத் திரும்பத் தெரிவிக்கவும் வேண்டும். ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டும் என்று சொல்கிறது.

இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். எமக்குக் கிடைத்திருப்பது பதில் பெறும் உரிமை. அதனைச் சிறிதென்று எண்ணாதீர்கள்.

ஒரு தாயும் ஒரு பதிலும்

எங்கள் பாடசாலையில் ஒரு தாய். பெயர் வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குத் தவறாமல் வருபவர். ஆங்கிலம் பேச அஞ்சுவார். ஆகவே மூன்றாம் வகுப்புப் படித்த மகனே ஆசிரியைக்கும் தாய்க்கும் இடையில் மொழிபெயர்ப்பான். "அம்மா, ரீச்சர் எல்லாம் நல்லம் எண்டு சொல்லுறா" என்று சொல்வான். தாய் மகிழ்ந்து வீடு செல்வார். ஆசிரியை சொன்னதோ, பிள்ளை வாசிப்பில் பின்தங்கியிருக்கிறான், மேலதிக உதவிக்குப் பெற்றோரின் ஒத்துழைப்பு வேண்டும் என்பது. அது நவம்பர் மாதம். தாய்க்கு உண்மை தெரிந்தது ஜூனில். ஒரு கல்வியாண்டு போய்விட்டது. பிள்ளையைக் குறைசொல்ல முடியுமா? எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றியவர்கள் பெரியவர்களாகிய நாமல்லவா?

அந்தத் தாய் இதனை எனக்குச் சொன்னபின், அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து உணர்ச்சியோடு பேசினேன். அதிபர் அம்மையார் தலையசைத்துக் கேட்டார். "மிகவும் வருத்தமான விடயம்" என்றார். கூட்டம் முடிந்தது. அதற்குப் பின் எதுவும் நடக்கவில்லை. அவர் கெட்டவர் என்பதனாலன்று. நூறு வேலைகள் உள்ள ஒருவரிடம் வாய்ச்சொல்லாகச் சொன்ன நூற்றோராவது விடயம் அது.

எமது துறையில், பயனாளர் ஒருவர் குறை தெரிவித்தால் முதலில் அதற்கு ஓர் இலக்கம் இட்டுப் பதிவு செய்வோம். பதிவில்லாத முறைப்பாட்டுக்குப் பொறுப்பாளரும் இல்லை, முடிவுத் திகதியும் இல்லை. இதனைத் தினமும் செய்யும் நான், பாடசாலைக்குப் போனதும் மறந்துவிட்டேன்.

மறு ஆண்டு அதே விடயத்தை நான்கு வரிகளில் எழுதினோம். சந்திப்பு அறிவித்தலிலேயே, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற கேள்வி தமிழ் உட்படப் பெற்றோரின் மொழிகளில் இடம்பெற வேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் சந்திப்புகளை ஒரே மாலையில் அடுத்தடுத்து ஒழுங்குசெய்ய வேண்டும். முன்மொழிந்து, வழிமொழிந்து, வாக்கெடுத்து, கூட்டக் குறிப்பில் பதிந்தோம். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் "சென்ற கூட்டத்தின் பரிந்துரைகளுக்கு அதிபரின் பதில்" என்று முதல் விடயமாக இட்டோம்.

பதில் வந்தது. முதலிரண்டுக்கும் ஆம். மூன்றாவதுக்கு, முழுமையாக இயலாது. ஆசிரியர்களின் நேர அட்டவணையைக் கூட்டு ஒப்பந்தத்தை மீறி மாற்ற முடியாது. ஆனால் மாலையில் இரண்டு மணிநேரத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்த முயல்வேன் என்றார். மொழிபெயர்ப்புச் சேவை முன்பே இருந்தது என்பதும் அப்போதுதான் எமக்குத் தெரியவந்தது. எவரும் கேட்காததால் எவருக்கும் வழங்கப்படவில்லை! அந்த நவம்பரில் அத்தாய் மகனை வெளியே விளையாட விட்டுவிட்டு, மொழிபெயர்ப்பாளரோடு உள்ளே சென்றார். வெளியே வந்தபோது அழுதிருந்தார். ஆனால் அந்த ஆண்டு நவம்பரிலேயே அறிந்துகொண்டார்.

என் பிழை

இப்போது என் தவறையும் சொல்ல வேண்டும். வெற்றி தலைக்கேறிற்று. தலைவரான பின், மாகாணப் பரீட்சை முடிவுகளை வகுப்பு வகுப்பாக, ஆசிரியர் ஆசிரியராகப் பிரித்துத் தரும்படி அதிபரிடம் கேட்டேன். அவர் மறுத்தார். நான் அவரோடு மேலும் பேசாமல், மேலதிகாரியான கண்காணிப்பாளருக்குப் பிரதியிட்டு, கடுமையான மின்னஞ்சல் ஒன்றை அனுப்பினேன். திட்டம் பிந்தியதற்கு விளக்கம் கேட்கும் முகாமையாளரின் தொனி அது.

விளைவு என்ன? ஆசிரியப் பிரதிநிதி கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். அதிபர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பெப்ரவரி மாதக் கூட்டத்துக்குப் பெற்றோர் போதியளவு வரவில்லை. உறுப்பினருள் பெரும்பான்மையோர் வர வேண்டும். வந்தோருள் பெரும்பான்மையோர் பெற்றோராக இருக்க வேண்டும். அந்தக் கோரம் இல்லாமையால் அன்று எந்த முடிவும் எடுக்க முடியவில்லை. வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு அதிபரும் நானும் எதிரெதிரே அமர்ந்திருந்தோம். அவரே முதலில் பேசினார். "நான் உங்கள் ஊழியர் அல்லள். உங்கள் எதிரியும் அல்லள். ஒரு ஆசிரியரின் குறையைப் பொதுக்கூட்டத்தில் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் வாசிப்பில் நாம் எங்கே பின்தங்கியிருக்கிறோம், அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்று நீங்கள் கேட்டிருந்தால், அதனைச் சொல்வது என் கடமை" என்றார்.

அவர் சொன்னது சரி. பரீட்சை முடிவுகளின் அடிப்படையில் பாடசாலை தயாரிக்கும் மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றியும், பாடசாலையின் நடத்தை விதிகளையும் உடை விதிகளையும் பற்றியும் அதிபர் குழுவின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அது விதி. அதிபர்களை நியமிக்கும்போது கையாளும் முறையையும் அளவுகோல்களையும் பற்றிக் கல்விச் சபையும் குழுக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். இத்தனை பெரிய கதவுகள் திறந்திருக்க, நான் திறக்கக் கூடாத சிறிய கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். தனிப்பட்ட மாணவர், தனிப்பட்ட ஆசிரியர் பற்றிய விடயம் குழுவின் மேசைக்கு உரியதன்று. அதனை உரிய ஆசிரியரிடமும் அதிபரிடமும் தனியே பேசுவதே முறை.

அந்த இரவுக்குப் பின் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வாரம் முன்னதாக அதிபரும் நானும் அரை மணிநேரம் தேநீரோடு அமர்ந்து நிகழ்ச்சி நிரலைச் சேர்ந்து தயாரிப்போம். அவர் எதற்கு ஆம் சொல்லலாம், எது கல்விச் சபையின் கையில் உள்ளது, எது மாகாணத்தின் கையில் உள்ளது என்று முன்பே தெரிந்துவிடும். கல்விச் சபையின் கையில் உள்ளதை அதிபரிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்துவதை விட்டு, அதனைக் கல்விச் சபைக்கே பரிந்துரையாக எழுதினோம். பல தடவைகள் அதிபரே, "இதனை நான் கேட்டால் ஓர் ஊழியரின் கோரிக்கை, நீங்கள் கேட்டால் பெற்றோரின் கோரிக்கை. நீங்கள் எழுதுங்கள்" என்று சொன்னதுண்டு. ஒரு நல்ல குழு அதிபருக்குப் பாரமாக இருப்பதில்லை, பலமாக இருக்கிறது.

பீட்சா விற்பது மட்டும் பணியன்று

இன்னுமொரு பொறியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பல குழுக்கள் ஆண்டு முழுவதும் பீட்சாவும் சொக்கலேற்றும் விற்றே களைத்துவிடுகின்றன. நிதி சேர்ப்பது அனுமதிக்கப்பட்டதே. கல்விச் சபையின் கொள்கைக்கு அமையவே சேர்க்கவும் செலவிடவும் வேண்டும். ஆனால் 2012ஆம் ஆண்டு மாகாணம் வெளியிட்ட வழிகாட்டி, பாடநூல் போன்ற, பொதுப்பணத்தால் வழங்கப்பட வேண்டியவற்றுக்குச் சேர்த்த பணத்தைச் செலவிடக் கூடாது என்கிறது. வசதி படைத்தோர் வாழும் பகுதியின் பாடசாலை ஒரு மாலையில் சேர்க்கும் தொகையை, அடுக்குமாடிக் குடியிருப்புகள் சூழ்ந்த எம் பாடசாலை ஓராண்டிலும் சேர்க்க முடியாது. பணத்தால் போட்டியிட்டால் நாம் தோற்போம். நான்கு வரிப் பரிந்துரை எழுத எவருக்கும் ஒரே செலவுதான்.

ஏன் இப்போது?

2025ஆம் ஆண்டு ஜூனில், நிதி நிர்வாகத்தைக் காரணம் காட்டி, ரொறன்ரோவின் பொதுக் கல்விச் சபை, கத்தோலிக்கக் கல்விச் சபை உட்பட நான்கு கல்விச் சபைகளுக்கு மாகாண அரசு மேற்பார்வையாளர்களை நியமித்தது. நாம் வாக்களித்துத் தெரிவுசெய்த அறங்காவலர்களின் முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் சென்றது. அது சரியா பிழையா என்பதில் இந்த அவையிலேயே இரண்டு கருத்துகள் இருக்கலாம். அதனை நான் இங்கு வாதிட வரவில்லை. ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். அத்தகைய நாளில் ஒரு பெற்றோர் யாரிடம் போவது? அறங்காவலரை அழைத்துப் பேசி ஒரு முடிவை மாற்றலாம் என்ற வழி அடைபட்டபோதும், பாடசாலைக் குழுவின் மேசை அகற்றப்படவில்லை. எழுத்தில் கேட்கும் உரிமையும், பதில் பெறும் உரிமையும் அங்கே இருந்தன. மேலே என்ன மாறினாலும் எம் கைக்கெட்டும் படி இதுவே.

என்ன செய்ய வேண்டும்?

குழுவின் தேர்தல் கல்வியாண்டின் முதல் 30 நாட்களுக்குள் நடக்க வேண்டும். தேர்தலுக்குக் குறைந்தது 14 நாட்கள் முன்பு பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆகவே செப்டெம்பர் முதல் இரு வாரங்களில் பிள்ளையின் பையையும் மின்னஞ்சலையும் கவனியுங்கள். பிள்ளை அங்கு படிக்கிறது என்பதே போட்டியிடப் போதிய தகுதி. குடியுரிமையும் கேட்பதில்லை, ஆங்கிலப் புலமையும் கேட்பதில்லை.

ஓராண்டில் கட்டாயமான கூட்டங்கள் நான்கு. வேலைமுறை மாறி மாறி வருவோருக்கு அதுவும் கடினம் என்பதை அறிவேன். எங்கள் குழுவின் முதற் பரிந்துரைகளுள் ஒன்று, கூட்டங்களை மாலையிலும் காலையிலும் மாற்றி மாற்றி வைப்பதாகும். அதற்கு அதிபர் உடனே ஆம் என்றார். உறுப்பினராக முடியாவிட்டாலும், கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, சென்று அமரலாம். அதுவும் இயலாவிட்டால், கூட்டக் குறிப்புகள் நான்கு ஆண்டுகளுக்குப் பேணப்பட வேண்டியவை. பாடசாலையில் கட்டணமின்றிப் பார்வையிடலாம். ஒரு முறை போய் வாசித்துப் பாருங்கள். எம் பிள்ளைகளைப் பற்றி யார் யார் பேசியிருக்கிறார்கள், யார் பேசவில்லை என்று தெரியும்.

குழுவில் சேர்ந்தபின், மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்காக மட்டும் பேசாதீர்கள். எங்கள் மொழிபெயர்ப்புப் பரிந்துரைக்கு முதலில் கையுயர்த்தியவர் ஓர் ஆப்கானியத் தாய். கேட்பதை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் பதியுங்கள். பதில் "இல்லை" என்று வந்தால் கோபம் வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். காரணத்தோடு வந்த மறுப்பு, அடுத்த ஆண்டின் பரிந்துரைக்கு முதல் வரி.

அன்புக்குரியவர்களே, எம் மகன் இப்போது அப்பாடசாலையை விட்டுச் சென்றுவிட்டான். அந்த அதிபர் அம்மையாரும் ஓய்வு பெற்றுவிட்டார். புதிய அதிபர் எங்கள் வழக்கங்கள் எதனையும் அறியார். ஆனால் சந்திப்பு அறிவித்தலில் அந்த ஒரு வரி இன்னும் தமிழில் வருகிறது என்று அயலவர் ஒருவர் சொன்னார். ஆட்கள் மாறினாலும், எழுதி வைத்தது நிற்கிறது.

இந்தச் செப்டெம்பரில் அந்தத் தாழ்ந்த நாற்காலிகளில் உங்களில் சிலரேனும் அமர்வீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.